மருந்தின் ஐந்தாம் கூறு

'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவுசெய்யும் குறளிலே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அந்நான்கு. வடமொழி ஆயுள்வேத நூலாகிய சரக சங்கிதையும் மருத்துவத்துக்கு நான்கு பாதங்களே கூறும். நோயாளியும் வைத்தியரும் பணியாளும் ஒரே மொழியைப் பேசி, ஒரே வழக்கத்தில் வளர்ந்த ஊருக்கு அந்த எண் போதுமானதாயிருந்தது.

இன்றைய வைத்தியசாலை அத்தகைய ஊரன்று. நம் நாட்டுப் பெரிய வைத்தியசாலை ஒன்றின் விடுதியை நினைத்துப் பாருங்கள். நிபுணர் தம் உதவி வைத்தியருக்கு ஆங்கிலத்திலே கட்டளையிடுகிறார். உதவி வைத்தியர் அதனைத் தாதிக்குச் சிங்களத்திலே சொல்கிறார். நோயாளியோ தோட்டத்திலிருந்து வந்த தமிழ் மூதாட்டி. கட்டளை அவருடைய செவியை அடைவதற்குள் மூன்று மொழிகளைக் கடக்கவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பணிபுரிய அனுப்பப்பட்ட தென்னிலங்கை வைத்தியரின் நிலையும் இதுவே. அம்பாந்தோட்டைக்கு அனுப்பப்பட்ட தமிழ் வைத்தியரின் நிலையும் இதுவே. நோயும் மருந்தும் முறையாக இருந்தும், இடையிலே நிற்கும் சொல் தவறினால் பயன் என்ன? ஆகவே, மருந்துக்கு ஐந்தாவதாக ஒரு கூறும் உண்டு என்று நாம் கொள்ளுதல் வேண்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் உள்ளபடி விளங்கிக்கொள்ளுதலே அது.

ஒரு சொல்லின் விலை

சொல் தவறுவதால் விளையும் கேட்டுக்கு அமெரிக்காவிலே நிகழ்ந்த ஒரு சம்பவம் மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டது. 1980ஆம் ஆண்டு தை மாதத்தில், புளோரிடா மாநிலத்து வைத்தியசாலை ஒன்றுக்குப் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்த நிலையிலே கொண்டுவரப்பட்டான். கியூபாவைச் சேர்ந்த அவன் குடும்பத்தவர், தம் ஸ்பானிய மொழியில், அவன் 'இன்டொக்சிகாடோ' ஆகியிருக்கிறான் என்றனர். உண்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளாமல் நோயுற்றிருக்கிறான் என்பதே அவர்கள் கருதிய பொருள். ஆங்கிலத்திலே அதே ஒலியுடைய சொல்லுக்குப் போதையேறியவன் என்று பொருள். போதைமருந்தை அளவுக்கு மிஞ்சி உட்கொண்டவன் என்று முடிவுசெய்த வைத்தியர்கள் அதற்கேற்றவாறே சிகிச்சை நடத்தினர். உண்மையிலே அவனுடைய மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு நாட்களுக்கு மேல் கழிந்த பின்னரே அது தெரியவந்தது. அதற்குள் அவனுடைய கைகளும் கால்களும் செயலற்றுப் போயின. வழக்கு ஏறத்தாழ 7 கோடி 10 இலட்சம் டொலர் இழப்பீட்டில் முடிந்தது. இழந்த கைகால்கள் மீளவில்லை.

இங்கே எவரும் வாய் திறவாமல் இருக்கவில்லை. எவரும் தீங்கு நினைக்கவுமில்லை. இரு சாராரும் தாம் விளங்கிக்கொண்டுவிட்டதாகவே எண்ணினர். அறியாத சொல்லைக் கேட்டவர் மற்றொருவரிடம் வினவுவார். அறிந்ததுபோல் ஒலிக்கும் சொல்லைக் கேட்டவரோ வினவுவதில்லை. பேராபத்து இதிலேதான் இருக்கிறது.

தமிழ் பேசுவோர் எல்லோரும் ஒரே தமிழைப் பேசுகின்றனர் என்று கருதுவோர் இதனைச் சிறிது சிந்தித்தல் நன்று. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே உடம்பு நோவது 'நோ' எனப்படும். 'வலி' என்றால் அங்கே பலருக்கு வலிப்பே நினைவுக்கு வரும். மலையகத்திலும் தமிழகத்திலும் 'வலி' என்பதே நோவைக் குறிக்கும் சொல். தலையிலே வலி என்று சொல்லும் தோட்டத் தொழிலாளியையும், பிள்ளைக்கு வலி வந்தது என்று சொல்லும் வடபகுதித் தாயையும் ஒரே வினாவால் விசாரிக்க முடியுமா? தமிழ் வைத்தியரும் தமிழ் நோயாளியின் சொல்லை மறுமுறை கேட்டறியவேண்டிய இடம் உண்டு.

இடையில் நிற்பவர்

மொழி தெரியாத வைத்தியர் யாரை நாடுகிறார்? அருகிலே துப்புரவு செய்யும் சிற்றூழியரை. அடுத்த கட்டிலில் இருப்பவரை. நோயாளியுடன் வந்த மகனை, சில வேளைகளிலே பள்ளிச் சிறுமியை. இவர்களுடைய உதவி இல்லாவிடில் நம் வைத்தியசாலைகள் ஒருநாளும் நடவா. ஆயினும் இவர்கள் அப்பணிக்குப் பயிற்றப்பட்டவர்கள் அல்லர். அதற்கெனச் சம்பளம் பெறுபவர்களும் அல்லர். தாயின் மாதவிடாய் பற்றிய வினாவை மகன் எவ்வாறு கேட்பான்? அவள்தான் எவ்வாறு விடை சொல்வாள்? 'ஒன்றுமில்லை' என்ற ஒரு சொல்லோடு அந்த விசாரணை முடிந்துவிடும். வைத்தியர் தம் ஏட்டிலே 'ஒன்றுமில்லை' என்று எழுதுவார்.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவிலே வெளியான ஆய்வொன்று, சிறுவர் வைத்தியத்திலே ஸ்பானிய மொழி பேசும் தாய்மாரும் ஆங்கில வைத்தியரும் மொழிபெயர்ப்பாளர் வாயிலாக உரையாடிய 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தது. அவற்றிலே 396 பிழைகள் காணப்பட்டன. சந்திப்பு ஒன்றுக்குச் சராசரி 31. மருந்து ஒவ்வாமை பற்றிய வினா சொல்லப்படாமலே விடப்பட்டது. முகத்திலே மட்டும் பூசவேண்டிய களிம்பு உடம்பெங்கும் பூசுமாறு சொல்லப்பட்டது. வைத்தியசாலை நியமித்த மொழிபெயர்ப்பாளரும் பிழை விட்டனர். ஆயினும் உறவினரும் பிறரும் விட்ட பிழைகளே நோயாளிக்குத் தீங்கு தரக்கூடியவையாக அதிக விகிதத்தில் இருந்தன. மொழிபெயர்த்தல் ஒரு தொழில். இரு மொழி தெரிந்த எவரும் அதனைச் செய்துவிடலாம் என்பது பிழையான எண்ணம்.

கிறீன் கண்ட வழி

இந்தச் சிக்கலை நம் மண்ணிலே நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்ட ஒருவர் டாக்டர் சமுவேல் பிஸ்க் கிறீன். மசாசுசெற்ஸ் மாநிலத்திலே 1822இல் பிறந்த அவர், 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் நோயாளரைக் கவனித்ததோடு, உள்ளூர் இளைஞருக்கு மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கவும் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இலேதான் தோன்றியது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

முதலிலே அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்று வைத்தியரானவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் செல்வதையும், கிராமத்து மக்கள் முன்போலவே கைவிடப்படுவதையும் கண்டார். 1860களிலே தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க முற்பட்டார். கற்பிக்க நூல்கள் வேண்டும். நூல்களுக்குச் சொற்கள் வேண்டும். தம் மாணாக்கரின் துணையோடு அவர் அவற்றை ஆக்கினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் அச்சேறின. 1873இலே தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியைக் கைவிடவில்லை. 1884இல் அவர் மறைந்தபோது, அவரிடம் பயின்ற வைத்தியர் தொகை அறுபதைத் தாண்டியிருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலே கற்றவர்கள். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்னும் பொருள்படும் வாசகமே வூஸ்ரர் நகரிலுள்ள அவர் கல்லறையிலே பொறிக்கப்பட்டிருக்கிறது.

கிறீன் சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்கவேண்டியதில்லை, அவரும் மறைக்கவில்லை. அவர் ஆக்கிய சொற்கள் யாவும் நிலைபெறவுமில்லை. அங்காதிபாதம் உடற்கூற்றியலாயிற்று, கெமிஸ்தம் இரசாயனமாயிற்று. மேலும், 'அங்காதிபாதம்' என்றால் மாணவனுக்கு விளங்குமேயன்றி வயற்காட்டில் நின்ற விவசாயிக்கு விளங்கியிராது. ஆனால் அந்த விவசாயி 'அடிவயிறு உளைகிறது' என்று சொன்னபோது, தமிழிலே கற்ற வைத்தியனுக்கு அது உடனே விளங்கிற்று. கிறீன் விட்டுச்சென்ற பாடம் இதுவே: மொழியின் எல்லையைக் கடக்கவேண்டியவர் நோயாளி அல்லர், நோயைத் தீர்க்க வந்தவரே கடத்தல் வேண்டும். கட்டிலிலே கிடப்பவனுக்கு மொழி பயில நேரமும் இல்லை, வலுவும் இல்லை.

சூடும் குளிரும்

மொழி மாத்திரம் தெரிந்தால் போதுமா? போதாது. 1950களிலே அமெரிக்காவில் சிறுவர் மனநல இல்லமொன்றில் பணியாற்றிய மடலீன் லெயினிங்கர் என்னும் தாதி, வெவ்வேறு மரபுகளைச் சேர்ந்த பிள்ளைகள் உணவிலும் உறக்கத்திலும் அன்பிலும் வெவ்வேறு விதமான பராமரிப்பை எதிர்பார்ப்பதைக் கண்டார். தாம் கற்ற தாதியியல் அதற்கு விடை தரவில்லை. எனவே மானிடவியல் பயின்று, 1960களின் தொடக்கத்திலே நியூகினி மேட்டுநிலத்து மக்களிடையே சென்று வாழ்ந்து, பண்பாடுகளை அறிந்து பராமரிக்கும் தாதியியல் என்னும் துறைக்கு வித்திட்டார்.

நம் நாட்டிலே இத்துறைக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. சிங்கள மக்களும் தமிழ் மக்களும் மொழியால் வேறுபட்டாலும், நோயைப் பற்றிய எண்ணத்திலே பெரிதும் நெருங்கியவர்கள். வாதம், பித்தம், சிலேட்டுமம் என்னும் மூன்றும் இரு மரபுக்கும் பொது. சூடான உணவு, குளிரான உணவு என்னும் பாகுபாடும் பொது. நமது பீனிசமே அவர்களுடைய 'பீனச'. நோ, உளைவு, எரிவு என்று நாம் வேறுபடுத்திச் சொல்வனவற்றை அவர்களும் 'கெக்கும', 'தெவில்ல' என்று நுட்பமாகப் பகுத்துரைப்பர். அம்மா, அக்கா என்னும் விளிகளும் இரு மொழிக்கும் உரியவை. மருந்து 'சூடு' என்று பயந்து, வீடு சென்றதும் அதனை நிறுத்திவிடும் தமிழ் மூதாட்டியின் மனத்தைச் சிங்களத் தாதி எளிதில் அறிவார். அவருடைய பாட்டியாரும் அதையே சொல்லியிருப்பார். ஆங்கிலப் பாடநூலில் இல்லாத அவ்வறிவு விடுதியிலே ஏற்கெனவே இருக்கிறது. அதனை மதித்துப் பயன்படுத்துவதே குறை.

வேலைத்தலத்தின் படிவரிசையும் பேச்சைத் தடுக்கும். தவறு நேரப்போவதைக் காணும் இளந்தாதி, நிபுணர்முன் வாய் திறக்க அஞ்சுகிறார். மொழியும் வேறாயின் அச்சம் இரட்டிப்பாகும். உலக சுகாதார நிறுவனம் 2008இலே வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், கத்தியை எடுக்குமுன் கூடத்திலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்கிறது. இப்பட்டியலை டெல்லி, மணிலா, இலண்டன் உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளிலே பரிசோதித்தபோது, இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்ததென 2009இலே அறிவிக்கப்பட்டது. பட்டியலிலே வேறு பல படிகளும் உண்டு என்பது உண்மை. ஆயினும், ஒருமுறை தன் பெயரைச் சொன்னவருக்கு இரண்டாம் முறை வாய் திறப்பது எளிதாகிறது என்பதை அனுபவமுடையோர் மறுக்கமாட்டார்.

செய்யத்தக்கவை

1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2007இலே வெளியான சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் அரச ஊழியர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென விதித்தது. சட்டம் வழியைத் திறந்தது. ஆனால் இலக்கணத் தேர்விலே சித்தியடைந்தவர் அனைவரும் நோயாளியின் பேச்சை விளங்கிக்கொள்வர் என்பதற்கில்லை.

மூன்று காரியங்கள் உடனே வேண்டப்படுவன. விடுதிகளிலே மொழிபெயர்ப்போரைப் பயிற்றி, அப்பணிக்குப் பதவியும் ஊதியமும் வழங்குதல் ஒன்று. மருந்தைப் பற்றிச் சொன்னதை நோயாளி தம் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்டபின்னரே அவரை வீட்டுக்கு அனுப்புதல் மற்றொன்று. மூன்றாவது, நம் ஆசிரியர்களும் இலக்கிய வட்டத்தினரும் மேற்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், மலையகம் ஆகிய இடங்களிலும் முஸ்லிம் மக்களிடையேயும் நோயைக் குறிக்க வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றுக்கு நேரான சிங்கள வழக்குகளோடு சட்டைப்பையில் அடங்கும் சிறு அகராதியாக்குதல் வேண்டும். மாணாக்கர் தத்தம் ஊர்ப் பெரியோரிடம் கேட்டு எழுதினால், ஒரு விடுமுறைக் காலத்திலே அதன் பெரும்பகுதி திரண்டுவிடும். சிங்களப் பாடசாலை ஆசிரியர்களும் உடன்சேரின் பயன் இருமடங்காகும்.

கிறீன் தமிழறியாதவராய் வந்து, தமிழிலே மருத்துவம் கற்பித்தார். தமிழையும் சிங்களத்தையும் தாய்ப்பாலோடு பருகிய நாம், ஒருவர் நோவை ஒருவர் விளங்கிக்கொள்வதற்கு ஒரு சிறு அகராதியேனும் ஆக்கித் தருதல் கடனன்றோ?