பனி உருண்டை வாதம்

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்க ஸெனட் சபையில் ஒரு விநோதம் நிகழ்ந்தது. ஜேம்ஸ் இன்ஹோப் என்னும் அங்கத்தினர் ஒரு பனி உருண்டையைக் கையிலெடுத்துக் காட்டினார். வெளியே இவ்வளவு குளிராயிருக்க, பூமி சூடேறுகிறதென்பது எங்ஙனம் என்பதே அவர் வாதத்தின் சாரம். அளந்து கணக்கிட்ட ஆண்டுகளுள் 2014-ஆம் ஆண்டே மிக உஷ்ணமானதென்று அந்நாட்டு விஞ்ஞானிகள் முந்திய மாதந்தான் அறிவித்திருந்தனர்!

இதனை வெறும் அறியாமையென்று நகைத்துவிடலாகுமா? ஆகாது. 2012-ல் டான் கஹான் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டது வேறு. இவ்விஷயத்தில் எதிரெதிர்க் கொள்கையினரிடையே உள்ள பிளவு, விஞ்ஞான அறிவும் கணிதத் திறமையும் மிக்கவர்களிடமே அதிகமாயிருந்தது. கற்றவன் தன் கல்வியைக்கொண்டே தன் கூட்டத்தாரின் கொள்கைக்கு அரண் கட்டுகிறான்.

காரணம் எளிது. பூமியின் உஷ்ணத்தைப்பற்றித் தவறாக எண்ணுவதால் அவனுக்கு நாளைய தினம் நஷ்டமொன்றுமில்லை. நண்பரும் கட்சியாரும் வெறுத்தாலோ இன்றே நஷ்டம்.

ஆதலால், புள்ளிவிவரங்களை அடுக்குவதால் மட்டும் இம்மனம் திறவாது. அவன் மதிக்கும் அவனைச் சேர்ந்தவர்களே எடுத்துரைக்கவேண்டும். மெய்யை ஒப்புக்கொண்டாலும் சுற்றம் கைவிடாது என்ற தைரியம் பிறந்தாலன்றி, எந்த நியாயமும் செவியில் ஏறாது.