‘வெளிய போகாத, விழுந்துருவ’

பலாங்கொடையைத் தாண்டி மலையேறும் ஏ4 வீதி ஹல்துமுல்லைக்கு வரும்போது ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பேரகலைச் சந்தியை நெருங்கும் நேரம் மூடுபனி இறங்கிவிட்டால், பஸ்கள் பகலிலேயே லைட்டைப் போட்டுக்கொண்டு, ஹோர்ன் அடித்தபடி ஊர்ந்து போகும். இந்தச் சரிவுகளில்தான் தோட்டங்களும் லயங்களும். மேட்டு லயத்திலிருந்து பணிய லயத்துக்குப் படி, பீலிக்குப் படி, பள்ளிக்கூடத்துக்கும் படி. நடுவே காண், பாசி பிடித்த கல், மழைக்காலத்தில் அட்டை.

பார்வையில்லாமல் பிறந்த பிள்ளை இங்கே வளர்ந்தால், அதன் காதில் அதிகம் விழும் பேச்சு ஒன்றுதான்: “வெளிய போகாத, விழுந்துருவ.”

அம்மா விடிந்ததும் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விடுவார். வீட்டில் இருக்கும் அப்பாயி இஸ்தோப்பில் பாயை விரித்துப் பிள்ளையை உட்கார வைப்பார். பக்கத்தில் ரேடியோ பாடும். பிள்ளைக்குப் பசித்தால் சோற்றைப் பிசைந்து ஊட்டுவார். அடி இல்லை, காயம் இல்லை. பாசத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதே பாயில் பத்து வருடம் உட்கார்ந்த பிள்ளைக்குக் காலில் வலு இருக்காது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். முதுகு வளையும், தலை தொங்கும். பார்வையின்மை இவற்றில் எதையும் செய்வதில்லை. செய்தது பாய்.

பல நாடுகளில் பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களை அளந்து பார்த்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. பார்க்கும் பிள்ளைகளைவிட இவர்கள் குறைவாக அசைகிறார்கள்; உடல் தகுதியும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது. உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடத்தையே அது சொல்கிறது. பார்வையில்லாத பிள்ளை ஒரு மைல் நடந்தால், பாதையைக் கணிப்பதற்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் கூடுதல் சக்தி செலவாகும். அப்படிப் பார்த்தால் உடல் வலு அதற்குத்தான் அதிகம் தேவை.

பார்வையுள்ள பிள்ளை எதையும் பாடமாகப் படிப்பதில்லை. அண்ணன் பீலியடியில் பல் விளக்குவதைப் பார்க்கிறது, தானும் வாயில் பிரஷ்ஷை வைக்கிறது. அக்கா கயிறடிப்பதைப் பார்த்துக் குதிக்கிறது. ஒரு நாளில் நூறு பழக்கங்கள் கண் வழியாக ஓசையில்லாமல் உள்ளே போய்விடுகின்றன. பார்வையில்லாத பிள்ளைக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. “நல்லா விளக்கு” என்றால் எதை, எப்படி, எவ்வளவு நேரம் என்று அதற்கு எப்படித் தெரியும்? கையைப் பிடித்துக் காட்ட வேண்டும், வாயால் சொல்ல வேண்டும், தொட்டுப் பார்க்கவிட வேண்டும்.

பல் விளக்குவதையே எடுத்துக்கொள்ளலாம். பிரஷ்ஷில் பற்பசையை வைக்கத் தெரியாமல் பாதி தரையில் விழும் என்று வீட்டில் உள்ளவர்களே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார்கள். பற்பசையை நேராக நாக்கில் வைத்துக்கொண்டால், அல்லது இடது கை விரல் நுனியில் எடுத்து அந்த விரலாலேயே பிரஷ்ஷின் தூவியைத் தேடித் தடவினால், அந்தச் சிக்கல் தீர்ந்தது. இந்தியப் பல் வைத்தியர்கள் இருவர் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்றே ஒரு முறையை உருவாக்கி 2012இல் வெளியிட்டார்கள். முதலில் வார்த்தையால் விளக்குவார்கள். பிறகு பெரிய பல் மாதிரியைக் கையில் கொடுத்து, பிரஷ் எந்தப் பக்கம் எப்படி ஓடுகிறது என்று தொட்டுப் பார்க்கவிடுவார்கள். அதற்குப் பின் பிள்ளை தன் நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பாக இருந்தால் அழுக்கு, வழவழப்பாக இருந்தால் சுத்தம். கண்ணாடியின் வேலையை நாக்கு செய்கிறது. அந்தப் பயிற்சிக்குப் பின் பற்களில் படியும் அழுக்கு கணிசமாகக் குறைந்தது. இதற்குப் பெரிய செலவு கிடையாது. சோப்பிலோ களிமண்ணிலோ செதுக்கிய ஒரு பல்வரிசை இருந்தால் தோட்டப் பாடசாலை ஆசிரியரும் செய்துவிடலாம்.

கை கழுவுவதையும் லேசாக விட முடியாது. இந்தப் பிள்ளைக்குக் கைதான் கண். சுவர், கைப்பிடி, நாய், பஸ் கம்பி, பிரெய்ல் புத்தகம் எல்லாவற்றையும் அது தொட்டுத்தான் அறிகிறது. அதே கை சோற்றிலும் போகும், கண்ணுக்கும் போகும். பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளைகளில் சிலர் விரலாலோ முட்டியாலோ கண்ணை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். சிலர் உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடுவார்கள். இது பைத்தியமும் அல்ல, செய்வினையும் அல்ல. வெளியிலிருந்து வரவேண்டிய தூண்டுதல் போதாமல் உடம்பு தானே தேடிக்கொள்ளும் தூண்டுதல். ஆனால் கண்ணை விடாமல் அழுத்தினால் அதைச் சுற்றியுள்ள பகுதி குழிந்துபோகலாம், அழுக்குக் கை என்றால் தொற்றும் வரும். கையை அடித்து விலக்குவதால் பழக்கம் போகாது. அந்தக் கைக்கு வேலை கொடுத்தால், உடம்பை ஓடவிட்டால், மெல்லக் குறையும்.

கழிப்பறைக்குத் தனியாகப் போகவும் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டும். பல லயங்களில் அது வீட்டுக்கு வெளியே தள்ளியிருக்கிறது. யாராவது கூட்டிப்போக வேண்டுமே என்று பிள்ளை மணிக்கணக்கில் அடக்கும், அதற்காகவே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. கதவிலிருந்து கழிப்பறை வரை இடுப்பளவில் ஒரு கயிறு கட்டினால் போதும். பெரிய பிள்ளையான பெண்ணுக்கு இன்னும் கவனம் தேவை. துணி மாற்றுவதை, கழுவுவதை, நாள் எண்ணுவதை அம்மாவோ அக்காவோ கையோடு கைவைத்துச் சொல்லித்தர வேண்டும். வெட்கப்பட்டு விட்டுவிட்டால், அந்த மூன்று நாட்களும் அவள் பள்ளிக்கூடம் போகமாட்டாள்.

இனிச் சாப்பாடு. 2016இல் எடுக்கப்பட்ட இலங்கைக் குடிசனவியல், சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 31.7 சதவீதம். பார்வையில்லாத பிள்ளையும் இந்த வீடுகளில்தான் வளர்கிறது. கோதுமை மா ரொட்டி, சம்பல், கூடவே ஒரு கோப்பை சாயம் என்று காலை முடிந்துவிடுகிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் மரக்கறியிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் வீட்டில் இரத்தசோகைக்கு அந்தக் கோப்பையும் துணைபோவது வேதனையான விஷயம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிடும். லயத்தோரத் துண்டு நிலத்தில் விளையும் பூசணி, பப்பாசி, முருங்கை, வல்லாரை இவற்றுக்கும் தட்டில் இடம் வேண்டும். பிறவியில் போன பார்வையைக் கீரை திருப்பித் தராது. ஆனால் உயிர்ச்சத்து ஏ இல்லாமல் போவதால் பார்வை இழக்கும் பிள்ளைகள் உலகில் இன்னும் இருக்கிறார்கள்; அடுத்துப் பிறக்கும் தம்பி தங்கைக்கு அந்தக் கீரை காவல்.

பார்வையில்லாத பிள்ளைகள் பலர் பிசைந்த சோற்றோடு நின்றுவிடுகிறார்கள். கடிக்கும் பொருள் வாயில் பட்டதும் துப்புவார்கள். முகம் தெரியாத பண்டம் திடீரென்று வாய்க்குள் வந்தால் யாருக்குத்தான் அச்சம் வராது? முதலில் கையில் கொடுத்துத் தடவி, முகர்ந்து பார்க்கவிட்டால் அந்த அச்சம் தணியும். இந்த விஷயத்தில் நம்முடைய சாப்பாட்டு முறை பெரிய உதவி. முள்ளும் கத்தியும் பிடித்துத் தட்டில் தேடவேண்டியதில்லை. சோறு எங்கே, பருப்பு எங்கே என்று விரலே சொல்லிவிடும். தினமும் ஒரே ஒழுங்கில் பரிமாறினால், அதாவது வயிற்றுப் பக்கம் சோறு, வலப் பக்கம் பருப்பு, இடப் பக்கம் கீரை என்று வைத்தால், ஐந்து வயதுப் பிள்ளை தானாகச் சாப்பிடும். சிந்தட்டும். தரையைக் கூட்டிவிடலாம்.

தூக்கத்தைப் பற்றிப் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் சுற்று பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். விடிந்ததும் கண்ணுக்குள் போகும் வெளிச்சம்தான் அதைத் தினமும் சரிசெய்கிறது. வெளிச்சத்தைக்கூட உணராத கண் என்றால் கடிகாரம் நாளுக்கு நாள் பின்தள்ளிப்போகும். முழுப் பார்வையற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தக் கோளாறு இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கும் பிள்ளை, அடுத்த வாரம் நடுச்சாமத்தில் விழித்திருந்து வகுப்பில் தூங்கி விழும். ஆசிரியர் சோம்பேறி என்பார், பாட்டி காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார். எழும்பும் நேரம், சாப்பிடும் நேரம், குளிக்கும் நேரம், ஓடியாடும் நேரம் ஆகியவற்றை நாள் தவறாமல் ஒரே மாதிரி வைத்தால் அந்தக் கடிகாரத்துக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கும். பொழுதுபட்ட பிறகு தேத்தண்ணி கொடுக்காமலிருப்பதும் உதவும். அப்படியும் தீராவிட்டால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், மருந்து உண்டு.

பிள்ளையின் கை, கால், நெஞ்சு எல்லாவற்றுக்கும் ஒன்றாக வேலை கொடுப்பது விளையாட்டு. பார்வையற்றோர் கிரிக்கெட் 1922இல் மெல்பேர்னில் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடமிருந்து பிறந்தது. தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு அதையே பந்தாக்கினார்கள். இன்று உள்ளே சிறு உலோகக் குண்டுகள் கிலுகிலுக்கும் பிளாஸ்டிக் பந்து. பந்தை உருட்டிப் போடுவதற்கு முன் பந்துவீசுபவர் தயாரா என்று கேட்க வேண்டும். மட்டைக்காரர் ஆம் என்று சொன்ன பிறகுதான் பந்து வரும். பதினொரு பேரில் குறைந்தது நால்வர் முழுப் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும், அவர்கள் அடிக்கும் ஓட்டம் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். முதல் உலகக் கிண்ணம் 1998இல் புதுடில்லியில் நடந்தது, இரண்டாவது 2002இல் சென்னையில். இலங்கைக்கும் தேசிய அணி இருக்கிறது.

கோல்போல் இன்னொன்று. உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களின் மறுவாழ்வுக்காக 1946இல் உருவானது. அணிக்கு மூன்று பேர். பார்வை கொஞ்சம் இருப்பவரும் இல்லாதவரும் சமமாகும்படி எல்லோரும் கண்ணை மூடிக்கட்டுவார்கள். மணி பொதிந்த பந்தின் எடை 1.25 கிலோ. தரையில் உருண்டு வரும் பந்தின் ஓசையைக் கேட்டு உடம்பைக் கிடத்தி மறிக்க வேண்டும். கோட்டுக்கு அடியில் கயிறு ஓடுவதால், தான் எங்கே நிற்கிறோம் என்பதைக் காலால் தடவியே அறியலாம். பந்து ஓடும்போது பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது.

இதற்கெல்லாம் ஹல்துமுல்லையில் மைதானத்துக்கும் பந்துக்கும் எங்கே போவது என்று கேட்கலாம். பழைய பந்தை மொரமொரக்கும் பிளாஸ்டிக் பையில் கட்டினால் அது உருளும்போது சத்தம் கேட்கும். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்துக் கையில் கொடுத்தால், பிள்ளை எவர் துணையுமின்றி முழு வேகத்தில் ஓடும். வாழ்க்கையில் முதன்முறையாக ஓடும் பிள்ளையாகக்கூட அது இருக்கலாம். நமது கபடியும் இருக்கிறது. பாடுகிறவர் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டே வருவதால் அவர் எங்கே நிற்கிறார் என்பது காதுக்குத் தெரியும். அதைவிட எளிது நடை. காலையிலும் மாலையிலும் பிள்ளை தோட்டத்துப் படிகளை ஏறி இறங்கினாலே அந்த 60 நிமிடத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பிள்ளையை முன்னால் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. பெரியவர் முன்னே நடக்க, அவருடைய முழங்கைக்கு மேலே பிள்ளை பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரவேண்டும். அப்போது படி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அந்தக் கையின் அசைவே சொல்லும்.

ஓர் எச்சரிக்கை. விழித்திரை பலவீனமானவர்களும், கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் தலையில் அடிபடக்கூடிய விளையாட்டைத் தவிர்க்க வேண்டியிருக்கலாம். பதுளை பெரியாஸ்பத்திரியின் கண் பிரிவில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. மற்றபடி, மிச்சமிருக்கும் பார்வையைப் பயன்படுத்தினால் அதுவும் தீர்ந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பார்வை செலவழியும் பண்டமல்ல. வெயில் கூசும் பிள்ளைக்கு விளிம்பு அகன்ற தொப்பியும், ஜன்னலுக்கு முதுகு காட்டிய முன்வரிசை ஆசனமும் கொடுத்தால் எவ்வளவோ தெரியும்.

இலங்கையில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கிறது; பார்வையும் அப்போது சோதிக்கப்படுகிறது. ஆனால் பாடசாலைக்கே வராத பிள்ளையை அந்தச் சோதனை எட்டாது. மேரி சாப்மன் 1912இல் தொடங்கிய, இரத்மலானையில் இன்றும் இயங்கும் பார்வையற்றோர் பாடசாலை கொழும்பின் ஓரத்தில் இருக்கிறது. பார்வையற்ற பிள்ளைகளை ஏற்கும் சுன்னாகம் வாழ்வகமும் கைதடி நவீல்ட் பாடசாலையும் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. தோட்டத்துத் தாய் ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரத்தில் விட்டுவருவதென்றால், பஸ் காசிலிருந்து மனசு வரை எல்லாம் தடை. கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் உடற்குறையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதை நம்பி அருகிலுள்ள பாடசாலையிலேயே இடம் கேட்பதுதான் இங்குள்ள குடும்பங்களுக்கு நடைமுறைக்கு ஒத்த வழி. அப்படிச் சேர்த்தாலும் உடற்கல்விப் பாடவேளையில் அந்தப் பிள்ளையை மற்றவர்களின் பைகளுக்குக் காவல் வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

பிள்ளை நடக்கப் பழக வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இந்த மலையில் உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை, ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. அதன்பின் பெருமழை என்றாலே சரிவுகளில் உள்ளவர்களை வெளியேறச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு எத்தனை படி, எந்த இடத்தில் காண், எங்கே திருப்பம் என்பது பிள்ளையின் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெயில் நாளில் பழகினால் மட்டும் போதாது, மழையிலும் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது, மற்ற நாட்களில் வழி சொல்லும் பீலிச் சத்தமும் கோழிச் சத்தமும் கேட்காது. அம்மா கூப்பிடுவதும் கேட்காது. எண்ணி வைத்த படிகளும், பிடித்துப் பழகிய முழங்கையும்தான் அப்போது பிள்ளையிடம் இருக்கும்.