கவரிங் லெட்டர்: எதை எழுதுவது, எதை இணைக்கக் கூடாது

வேலை விண்ணப்பத்தில் ரெஸ்யூமுக்கு முன்னால் வைக்கப்படும் ஒரு பக்கக் கடிதம்தான் கவரிங் லெட்டர். ஒருவர் இதுவரை என்னென்ன செய்தார் என்று ரெஸ்யூம் பட்டியல் போடும். அந்தப் பட்டியலில் எது இந்த நிறுவனத்துக்கு உதவும் என்று கடிதம் சொல்ல வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளில் இதற்கு வேலையில்லை. அங்கே இணையப் படிவம் மட்டுமே. தனியார் நிறுவனங்களில்தான் இது கேட்கப்படுகிறது, அங்கேதான் பாழாகவும் செய்கிறது.

பிரவுசிங் சென்டர் கணினியில் எந்தக் காலத்திலோ யாரோ தட்டச்சு செய்த கோப்பு ஒன்று கிடக்கும். பெயரையும் தேதியையும் மாற்றி அதையே அனுப்பிவிடுகிறார்கள். வேறொரு நிறுவனத்தின் பெயர் மூன்றாம் வரியில் அப்படியே நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. இப்போது அந்தக் கோப்பின் இடத்தை ஏ.ஐ. செயலி பிடித்திருக்கிறது. ஒரே காலியிடத்துக்கு வரும் கடிதங்களில் பல ஒரே வார்ப்பில் இருந்தால், ஹெச்.ஆர். அதிகாரி எதையுமே முழுதாகப் படிக்கப்போவதில்லை.

1480-களில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு லியொனார்டோ டா வின்சி எழுதிய வேலைக் கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. போரில் அந்த ஆட்சியாளருக்குத் தேவைப்படும் பாலங்கள், பீரங்கிகள், முற்றுகைக் கருவிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, தனக்கு ஓவியமும் வரும் என்பதை அவர் கடைசியில்தான் வைத்தார். படிப்பவருக்கு எது தேவை என்று யோசித்து அதை முன்னால் வைப்பது: கடிதத்தில் காட்ட வேண்டிய கற்பனை இந்த அளவுதான். வண்ணத் தாள், மேற்கோள் குறள், கட்டம் கட்டிய புகைப்படம் எல்லாம் அலங்காரம். பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது மென்பொருள். கட்டத்துக்குள்ளும் படத்துக்குள்ளும் இருக்கும் எழுத்து அதற்குத் தெரியாமலே போகலாம்.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்காளர் வேலை என்று வைத்துக்கொள்ளலாம். ‘கணக்குப் பிரிவில் இரண்டு ஆண்டு அனுபவம் உண்டு, டேலி தெரியும், கடுமையாக உழைப்பேன்’ என்பது எல்லோரும் எழுதுவது. ‘ஷிப்பிங் பில்லில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் ஏற்றிய எண்ணும் ஒத்துப்போகாமல் எஸ்.பி.005 பிழையில் நின்றுபோன ரீஃபண்டுகளைத் திருத்தி, பணம் வங்கிக்கு வரும் வரை பின்தொடர்ந்திருக்கிறேன்’ என்று எழுதியவரை முதலாளி அன்றே கூப்பிடக்கூடும். ரீஃபண்ட் முடங்கிய வலி அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ரீஃபண்ட் எந்த வாடிக்கையாளருடையது, எவ்வளவு தொகை என்பதெல்லாம் பழைய நிறுவனத்தின் ரகசியம். அதைக் கடிதத்தில் கொட்டுகிறவர் நாளை தம்முடையதையும் கொட்டுவார் என்றே புது முதலாளி நினைப்பார்.

மின்னஞ்சலின் பொருள் வரியில் பதவியின் பெயரும், விளம்பரத்தில் குறிப்பு எண் இருந்தால் அதுவும் வர வேண்டும். விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அதே மொழியில் கடிதம் இருப்பது நல்லது. எப்போது சேர முடியும், பழைய இடத்தில் எத்தனை நாள் நோட்டீஸ் என்பதைக் கடைசிப் பத்தியில் சொல்லிவிடலாம். பி.டி.எஃப். கோப்புக்கு விண்ணப்பதாரரின் பெயரே தலைப்பாக இருக்கட்டும். ‘நியூ ஃபைனல் 2’ என்று அனுப்பினால் யாருடையது என்று தேடவா முடியும்?

கற்பனை வேறு, பொய் வேறு. காசு கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கி அதை ஒட்டியே கடிதம் எழுதும் வழக்கம் பரவலாகிவிட்டது. பி.எஃப். பிடித்த வேலைகள் எல்லாம் யு.ஏ.என். எண்ணின் கீழ் வரிசையாக, சேர்ந்த தேதி விலகிய தேதியோடு பதிவாகியிருக்கும். பின்னணி சரிபார்ப்பில் அந்தப் பதிவைக் கேட்டால் கதை முடிந்தது. வேலை போவதோடும் நிற்காது. ஏமாற்றுதலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவும், போலி ஆவணத்துக்கு 336ஆம் பிரிவும், அதை உண்மையெனக் காட்டிப் பயன்படுத்தியதற்கு 340ஆம் பிரிவும் இருக்கின்றன.

அடுத்த தவறு இணைப்புகளில். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முதல் மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடுகிறார்கள். எதற்கு? விண்ணப்பக் கட்டத்தில் இவற்றில் எதுவும் தேவையில்லை. தனியார் வேலைக்குச் சாதி, மதம், தந்தையின் வருமானம் எழுதுவதும் வீண். நிறுவனம் அடையாளம் கேட்டே தீருவேன் என்றால், ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. கொடுத்து, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை இறக்கி அனுப்பலாம். அசல் சான்றிதழை எந்த நிலையிலும் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது. சரிபார்க்கக் காட்டலாம், காட்டியதும் திரும்ப வாங்கிவிட வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு தர மறுத்தால், எழுத்தில் கேட்டு, அதன் நகலுடன் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. உதவி எண் 15100.

நல்ல கடிதம் எழுதத் தெரிந்தவரும் சிக்குவது பணம் கேட்கும்போதுதான். ‘உங்கள் கடிதம் தேர்வாகிவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். பிறகு பதிவுக் கட்டணம், லேப்டாப் வைப்புத் தொகை, பயிற்சிக் கட்டணம். நேர்காணலே இல்லாமல் வரும் பணி ஆணை பணி ஆணை அல்ல. வெளிநாட்டு வேலை என்றால் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜென்டுக்கு மத்திய அரசின் பதிவு இருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் போட்டு, அது நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதுவும் ரசீதோடு. அதற்கு மேல் கேட்டால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பாளர் அலுவலகத்தில் புகார் தரலாம். ஊர்க்காரர், தெரிந்தவர் என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம்.

பணம் போய்விட்டால் முதலில் அழைக்க வேண்டிய சைபர் மோசடி உதவி எண் 1930. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விட்டால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடிவிடும். உடனே சொன்னால், போன கணக்கில் அதை முடக்க வாய்ப்பு உண்டு. அழைக்கும்போது தன் வங்கிக் கணக்கு எண், பணம் போன யு.பி.ஐ. முகவரி, தொகை, நேரம், 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் வாட்ஸ்அப் உரையாடல், பணி ஆணை, தான் அனுப்பிய கடிதம் ஆகியவற்றின் படங்களை ஏற்ற வேண்டும். வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே ஏற்ற எதுவும் மிஞ்சுவதில்லை. காவல் நிலையத்தில் ‘இது சைபர் கேஸ், இங்கே எடுக்க மாட்டோம்’ என்று திருப்பி அனுப்பினாலும் இந்த வழி அடைபடுவதில்லை. பதிவானதும் வரும் ஒப்புகை எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். புகாரின் நிலையை அந்த எண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும். 1930 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.