கோப்பு எங்கே போயிற்று?

ஏற்காட்டில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். மே மாதம், கோடை விழா முடிந்த மறுநாள் மாலை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மலர்க் கண்காட்சியில் எடுத்த படங்களைக் கேமராவின் நினைவு அட்டையிலிருந்து வீட்டுக் கணிப்பொறிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். அதே அட்டையில் பாட்டியின் எண்பதாம் பிறந்த நாள் படங்களும் இருக்கின்றன. அட்டையைக் காலி செய்யவேண்டும் என்பதற்காக, அவள் 'நகலெடு' என்பதை அழுத்தாமல் 'வெட்டு' என்பதை அழுத்திவிட்டாள். பாதி வேலை நடக்கும்போது சேர்வராயன் மலை மீது இடி முழங்குகிறது, மின்சாரம் போய்விடுகிறது. அரை மணி கழித்து விளக்கு எரிகிறது. திரையில் சில படங்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. சிலவற்றில் மேல்பாதி மட்டும் படம். கீழ்ப்பாதி சாம்பல் நிறம். ஒன்றின் அளவு '0 பைட்டு' என்று காட்டுகிறது. அட்டையில் பார்த்தால் பாதிப் படங்களைக் காணோம்.

போனவை போனவைதாமா? பெரும்பாலும் இல்லை. ஆனால் இந்த நேரத்தில் பதற்றத்தில் செய்யும் காரியங்களால் அவை உண்மையிலேயே போய்விடக்கூடும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அறிய, கணிப்பொறி ஒரு கோப்பை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூட்டையும் பேரேடும்

காப்பித் தோட்டத்துக் கிடங்கைப் பார்த்திருப்பீர்கள். மூட்டைகள் உள்ளே அடுக்கப்பட்டிருக்கும். வாசலில் கணக்கரிடம் ஒரு பேரேடு இருக்கும். எந்தத் தோட்டத்துக் காப்பி, எத்தனை மூட்டை, எந்த வரிசையில் உள்ளது என்று அதில் எழுதியிருக்கும். கணிப்பொறியின் வன்தட்டும் பென் டிரைவும் இப்படிப்பட்ட கிடங்குகளே. கோப்பின் உள்ளடக்கம் மூட்டை. கோப்பின் பெயரும் அது இருக்கும் இடமும் எழுதப்பட்ட அடைவு பேரேடு.

கோப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. அதைச் சிறு துண்டுகளாக்கி, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைக்கிறது கணிப்பொறி. ஒரு துண்டு 4,096 பைட்டு என்று கொண்டால், 41,94,304 பைட்டுள்ள ஒரு படம் 1,024 துண்டுகளில் கிடக்கும். முதல் துண்டு எங்கே, அடுத்தது எங்கே என்பதெல்லாம் பேரேட்டில்தான் உள்ளது. கோப்புறை என்று நாம் அழைப்பது ஒரு பெட்டியன்று. அதுவும் பேரேட்டின் ஒரு பக்கமே. எனவே 'கோப்புறை காணாமற் போயிற்று' என்றால் பக்கம் கிழிந்தது என்று பொருள். உள்ளே மூட்டைகள் அப்படியே இருக்கலாம்.

ஒரே வன்தட்டுக்குள் ஒரு கோப்புறையிலிருந்து வேறொன்றுக்கு 10 ஜிகாபைட்டு உள்ள கோப்பை வெட்டி ஒட்டிப் பாருங்கள். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். மூட்டை அசையவே இல்லை. பேரேட்டில் ஒரு வரி மாறியது, அவ்வளவே. அதே கோப்பைப் பென் டிரைவுக்கு வெட்டி ஒட்டினால் பல நிமிடம் ஆகும். இப்போது மூட்டைகள் வேறு கிடங்குக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கோப்பும் போய்ச் சேர்ந்தபின் பழைய கிடங்கின் பேரேட்டில் அதன் வரி அடிக்கப்படும். நம் மாணவிக்கு நேர்ந்தது இதுதான். ஆகவே இரு கிடங்குகளுக்கிடையே ஒருபோதும் வெட்டி ஒட்டாதீர்கள். நகலெடுங்கள், திறந்து பாருங்கள், பிறகு பழையதை அழியுங்கள்.

இனி மீட்கும் வழி. அட்டையில் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் துண்டுகளைக் கணிப்பொறி துடைப்பதில்லை. பேரேட்டில் அந்தப் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 'இது இல்லை' என்ற ஒரு குறியைப் போட்டு, அந்த இடம் காலி என்று கணக்கு எழுதிவிடும். புதிய மூட்டை வந்து அங்கே உட்காரும்வரை பழைய படம் அங்கேயே கிடக்கும். எனவே மாணவி முதலில் செய்யவேண்டியது, அந்த அட்டையை வெளியே எடுத்து வைப்பதுதான். அதில் இன்னொரு படம் எடுக்கக்கூடாது. 'அட்டையை வடிவமைக்க வேண்டும்' என்று கணிப்பொறி கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லவேண்டும். பிறகு மீட்பு நிரல் ஒன்றைக் கொண்டு தேடி, கிடைக்கும் படங்களை அட்டையில் அன்றி வேறு தட்டில் சேமிக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: புதிய கணிப்பொறிகளில் உள்ள திண்ம நிலைத் தட்டுகளில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடங்களை அவை தாமே சீக்கிரம் துடைத்துவிடுகின்றன.

மின்சாரம் போனபின் கணிப்பொறி தட்டைச் சோதிக்கும்போது, எந்த வரியிலும் சேராத துண்டுகளைக் கண்டால் அவற்றைத் தூக்கி எறிவதில்லை. 'ஃபவுண்டு 000' என்ற பெயரில் ஒரு கோப்புறை தோன்றியிருந்தால் அதை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். பெயர் இழந்த உங்கள் படங்கள் அதற்குள் இருக்கக்கூடும். கோப்பின் வால்பெயரைப் படத்துக்குரியதாக மாற்றினால் சில திறந்துகொள்ளும்.

எல்லாத் தட்டுகளும் மின்தடையில் ஒரே அளவு பாதிக்கப்படுவதில்லை. பென் டிரைவுகளில் பெரும்பாலும் காணப்படும் 'ஃபேட் 32' என்னும் முறை 1996-ல் வந்தது. 1993-ல் வந்த 'என்.டி.எஃப்.எஸ்.' முறையோ, பேரேட்டைத் திருத்துமுன் 'இன்ன திருத்தம் செய்யப் போகிறேன்' என்று ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும். நடுவில் மின்சாரம் போனால், திரும்ப வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து வேலையை முடிக்கும் அல்லது விட்டுவிடும். பேரேடு குழம்புவதில்லை. ஆனால் வழியில் இருந்த மூட்டைக்கு அது பொறுப்பாகாது. இடி மின்னல் மிகுந்த மலையூரில் மேசைக் கணிப்பொறி வைத்திருப்போர் ஒரு யு.பி.எஸ். வாங்கிக்கொள்வது நல்லது.

இடம் இருந்தும் இடம் இல்லை

32 ஜிகாபைட்டுப் பென் டிரைவ் காலியாக இருக்கிறது. அதில் கோடை விழா நடன நிகழ்ச்சியின் ஒரு வீடியோவை நகலெடுத்தால், 'கோப்பு மிகப் பெரியது' என்று கணிப்பொறி மறுக்கிறது. வீடியோவின் அளவோ 5 ஜிகாபைட்டுதான். இது என்ன நியாயம்?

ஃபேட் 32 முறையில் கோப்பின் அளவை எழுதப் பேரேட்டில் 32 இருமக் கட்டங்கள் மட்டுமே உண்டு. 32 கட்டங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதற்கு ஒரு பைட்டு கூடினாலும் எழுத இடம் இல்லை. கிடங்கு பெரிது, பேரேட்டின் கட்டம் சிறிது! பென் டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு, அதை 'எக்ஸ்ஃபேட்' முறையில் வடிவமைத்தால் தொல்லை தீரும். வடிவமைத்தல் பேரேட்டையே புதிதாக எழுதுவது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஐயாயிரம் சிறு கோப்புகளை நகலெடுக்க, அதே மொத்த அளவுள்ள ஒரே கோப்பை நகலெடுப்பதைவிட நெடுநேரம் ஆவதற்கும் பேரேடுதான் காரணம். ஐயாயிரம் வரிகள் எழுத வேண்டுமல்லவா? அவற்றை ஒரே கோப்பாகச் சுருக்கிக் கட்டி அனுப்பினால் வேகமாகப் போகும்.

தமிழில் பெயரிட்டால்

கோப்புறைகளுக்குத் தமிழில் பெயரிடத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கணிப்பொறி எப்படி எண்ணுகிறது என்று தெரிந்தால் சில விந்தைகள் விளங்கும். 'ஏற்காடு மலர்க் கண்காட்சி' என்ற பெயரை எண்ணுங்கள். நம் இலக்கணப்படி 13 எழுத்துகள், இரண்டு இடைவெளிகள். ஒருங்குறியில் 'கா' என்பது 'க' ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு. 'ற்' என்பதில் புள்ளியும் தனிக் கணக்கு. இப்படி எண்ணினால் இடைவெளிகளோடு 24 வருகிறது. லினக்ஸ் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. ஆக 68 பைட்டு. லினக்ஸில் ஒரு பெயருக்கு எல்லை 255 பைட்டு. இதைப்போல நான்கு மடங்கு நீளமான பெயர் வைத்தால் எல்லை தாண்டிவிடும். விண்டோஸில் வேறு கட்டுப்பாடு. தட்டின் எழுத்து முதல் கோப்பின் பெயர் வரை முழுப் பாதையும் 260-க்குள் இருக்கவேண்டும் என்பது பழைய விதி. 2016 முதல் இதைத் தளர்த்த வழி இருந்தாலும் பல நிரல்கள் பழைய கணக்கையே பின்பற்றுகின்றன. கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று என்று பத்து அடுக்கு போட்டால், உள்ளே இருப்பதை நகலெடுக்கவும் முடியாது. சில சமயம் அழிக்கவும் முடியாது. வெளிக் கோப்புறையின் பெயரைச் சுருக்குங்கள். பாதை குறைந்துவிடும்.

இன்னொரு விந்தை. 'கோடை விழா' என்ற பெயரில் ஒரே இடத்தில் இரண்டு கோப்புறைகள் நிற்கும்! ஒரே பெயரில் இரண்டு இருக்க விடாத கணிப்பொறி இதை எப்படி விட்டது? 'கோ' என்பதை ஒருங்குறியில் இரு வழிகளில் எழுதலாம். 'க' உடன் ஓகாரக் குறி என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு வழி. 'க' உடன் இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொரு வழி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸ் இவற்றை ஒப்பிடும்போது எண்களைத்தான் பார்க்கிறது. ஆகவே வேறு வேறு என்று முடிவு கட்டுகிறது. ஆப்பிள் கணிப்பொறிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே எழுதிவைத்தது. அங்கிருந்து வந்த கோப்புறையும் நீங்கள் தட்டச்சு செய்ததும் இப்படி இரட்டைப் பிள்ளைகள் ஆகும். ஒன்றின் உள்ளடக்கத்தை மற்றதற்கு மாற்றிவிட்டு, காலியானதை நீக்கிவிடலாம். நீக்குமுன் அது காலிதானா என்று திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரில் \ / : * ? " < > | என்னும் ஒன்பது குறிகளை விண்டோஸ் ஏற்காது. 'ஏன்? எப்படி?' என்று லினக்ஸில் பெயரிட்ட கோப்பு விண்டோஸ் பென் டிரைவுக்குப் போக மறுப்பது இதனால்தான். ஆங்கிலத்தில் சி, ஓ, என் என்னும் மூன்று எழுத்துகளை மட்டும் சேர்த்து ஒரு கோப்புறைக்குப் பெயரிட்டுப் பாருங்கள். அதையும் ஏற்காது. திரையும் விசைப்பலகையும் சேர்ந்த சாதனத்துக்குப் பழங்காலத்தில் வைத்த பெயர் அது. அந்தக் காலம் போய்விட்டது; பெயர் மட்டும் இன்னும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

பூட்டிய கதவு, ஒளித்த பக்கம்

2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தந்த பல கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்படி இரண்டு இயக்க முறைகள் உள்ள வீடுகளில் ஒரு சிக்கல் எழுவதுண்டு. லினக்ஸில் நுழைந்து விண்டோஸ் பகுதியில் எதையாவது நகலெடுக்கப் போனால், 'படிக்க மட்டுமே' என்று சொல்லும். தட்டு கெடவில்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், 'நிறுத்து' என்று சொன்னாலும் அது முழுவதும் நிற்பதில்லை. விரைவில் எழுவதற்காகப் பேரேட்டைத் திறந்தபடியே உறங்குகிறது. ஒருவர் திறந்து வைத்த பேரேட்டில் இன்னொருவர் எழுதினால் என்ன ஆகும் என்பது லினக்ஸுக்குத் தெரியும். அதனால் கை வைப்பதில்லை. விண்டோஸில் 'விரைவுத் தொடக்கம்' என்பதை நீக்கிவிட்டு, முறையாக நிறுத்திவிட்டு வந்தால் வழி விடும்.

படப்பிரதி எடுக்கும் கடையில் பென் டிரைவைச் செருகி எடுத்துவந்தபின், கோப்புறைகள் எல்லாம் சிறு அம்புக்குறியிட்ட குறுக்குவழிகளாக மாறிவிட்டன என்ற குறையைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது வைரஸின் வேலை. கோப்புறைகளை அது அழிக்கவில்லை; பேரேட்டில் 'மறைவு' என்ற குறியை மட்டும் இட்டு, அதே பெயரில் தன்னை அழைக்கும் போலிகளை வைத்திருக்கிறது. அம்புக்குறியுள்ளதைச் சொடுக்காதீர்கள். வைரஸ் தடுப்பு நிரலால் சோதித்தபின், மறைந்த கோப்புகளையும் இயக்க முறைக் கோப்புகளையும் காட்டும்படி அமைத்தால் உங்கள் கோப்புறைகள் மங்கிய நிறத்தில் தோன்றும்.

மலையின் உயரம் காரணமா?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். இதைக் கேட்கக் காரணம் உண்டு. சுழலும் வன்தட்டில் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் காற்று மெத்தையின் மேல் மிதக்கிறது. காற்று மெலிந்தால் மெத்தையும் மெலியும். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு. ஆனால் தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் எல்லை சுமார் 3,000 மீட்டர். ஆகவே உயரத்தைக் குறை சொல்ல முடியாது. பனிமூட்டத்தை வேண்டுமானால் சொல்லலாம். ஏற்காட்டுக் குளிரில் இரவெல்லாம் காரில் கிடந்த வன்தட்டை 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்து வெப்பத்தில் உடனே இயக்கினால், மூக்குக் கண்ணாடியில் படிவதுபோல அதன் மீதும் நீர் படியும். ஒரு மணி நேரமாவது பொறுத்து இயக்குங்கள்.

கடைசியாக, மலிவாகக் கிடைக்கும் போலிப் பென் டிரைவுகள். 8 ஜிகாபைட்டு மட்டுமே உள்ளதை 64 என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். நகலெடுக்கும்போது எந்தத் தடையும் வராது. பேரேடு கிடங்கின் முன்பகுதியில் இருப்பதால் எல்லாப் பெயர்களும் சரியாகத் தெரியும். 8 ஜிகாபைட்டுக்குப் பின் போன மூட்டைகள் மட்டும் எங்கும் இல்லை. நகலெடுத்தவுடன் திறந்து பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். கணிப்பொறி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதியை எடுத்துக் காட்டக்கூடும். முறைப்படி 'வெளியேற்று' என்று சொல்லி, பென் டிரைவைக் கழற்றி, மீண்டும் செருகுங்கள். முதல் கோப்பை அன்று, கடைசியாகப் போன நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.