அரசர் முகம் வந்தது, தங்கம் குறைந்தது

ஸ்பெயினில் செகோவியா நகர அக்கசாலை 1609-ல் வெளியிட்ட 100 எஸ்குடோ தங்க நாணயத்தின் எடை சுமார் 339 கிராம். நம் கணக்கில் 42 பவுன்! மூன்றாம் பிலிப் அரசரின் பெயர் தாங்கிய இந்த 'சென்டென்' சந்தைக்குப் போகப் பிறந்ததல்ல. அரண்மனைப் பெருமைக்கும் பரிசுக்கும் உருவானது.

செகோவியாவில் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், இரண்டாம் பிலிப் எரெஸ்மா ஆற்றங்கரையில் எழுப்பிய நீர்விசை ஆலை. டிரோல் பகுதியிலிருந்து இயந்திரம் வந்தது. ஆறு சக்கரத்தைச் சுழற்றும். உருளைகளுக்கு நடுவே தங்கத் தகடு ஓடும். இருபுறமும் முத்திரை விழுந்து வெளிவருவதை வட்டமாக வெட்டியெடுப்பார்கள்.

அமெரிக்கக் குடியேற்றங்களிலோ நிலைமை வேறு. கட்டியிலிருந்து துண்டு வெட்டி, எடைக்குச் சரியாக ஓரத்தைக் கத்தரித்து, அச்சுக்கு நடுவே வைத்து ஓங்கி ஓர் அடி. கோணல்மாணலாக, பாதி எழுத்து காணாமல் போயிருக்கும். அவலட்சணம்தான்; ஆனால் மாற்று 22 காரட், 8 எஸ்குடோவுக்கு 27 கிராம். வணிகர்களுக்கு வேறென்ன வேண்டும்? மெக்சிகோ அக்கசாலை சிலவற்றை மட்டும் தனிக் கவனத்தோடு, முழு வட்டமாக அடித்தது. சேகரிப்பாளர்கள் இன்று 'ராயல்' என்று கொண்டாடும் இவற்றில் சில, 1715-ல் ஃப்ளோரிடா கரையோரம் புயலில் மூழ்கிய கப்பல்களிலிருந்து கிடைத்தவை.

1732-ல் மெக்சிகோவிலும் இயந்திரம் சுழன்றது. ஐந்தாம் பிலிப்பின் முகம், நீண்ட பொய்முடியோடு, பளிச்சென்று பதிந்தது. முகம் எப்போதும் சரியாக அமைந்ததென்று சொல்ல முடியாது. மூன்றாம் கார்லோஸ் 1788-ல் இறந்த பிறகும், புது அச்சு கடல் கடந்து வரும்வரை, நான்காம் கார்லோஸின் பெயரோடு அப்பாவின் முகத்தையே அடித்தார்கள்.

அந்த அப்பாதான் கில்லாடி. நாணயம் அழகேறிய காலத்திலேயே மாற்றைச் சத்தமில்லாமல் குறைத்தார். 1772-ல் 22 காரட்டுக்குக் கீழே இறக்கினார். 1786-ல் ரகசிய உத்தரவால் 21 ஆக்கினார். எடையில் கை வைக்கவில்லை, எனவே தராசில் அகப்படாது. 8 எஸ்குடோ ஒவ்வொன்றிலும் பழைய மாற்றை விட ஒரு கிராமுக்கு மேல் தங்கம் அரசரிடம் தங்கியது.