ஊசிக்குப் பயப்படலாமா?

தாய்மார்களே, பிள்ளைக்குத் தடுப்பூசி போடக் கிளினிக்கிற்குப் போகும்போது, "யாருக்குக் குத்திய ஊசியோ, என்ன நோய் ஒட்டிக்கொள்ளுமோ" என்று உங்கள் மனம் அடித்துக்கொள்கிறதா? இந்தப் பயத்தால் தடுப்பூசியே வேண்டாமென்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது பெரிய ஆபத்து.

பயத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. அந்நாளில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டெடுத்து அடுத்தவருக்கும் போட்டதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அண்மைக் காலத்திலும் கொடுமை நடந்திருக்கிறது. 2014-இல் கம்போடியாவில் ரோக்கா என்னும் கிராமத்தில், உரிமம் இல்லாத ஒருவர் ஒரே சிரிஞ்சைப் பலருக்கும் பயன்படுத்தியதால் 200-க்கும் மேற்பட்டோருக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றியது. பச்சைக் குழந்தைகளும் பாட்டிமார்களும்கூடத் தப்பவில்லை. இத்தனைக்கும் ஊரார் நம்பிய மனிதர் அவர்! 2015-இல் அவருக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆகவே உரிமம் பெற்ற இடத்திற்குப் போங்கள். போன இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். ஊசி முனையை மட்டும் மாற்றினால் போதாது. குத்தும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் சிரிஞ்சுக்குள்ளும் ஏறிவிடும். முனை, சிரிஞ்சு இரண்டுமே உறை பிரித்து வரவேண்டும். "மிஸி, புதுசுதானே? கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்பதில் என்ன வெட்கம்? நல்ல தாதியர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எய்ட்ஸ் என்றால்தான் நமக்கு நடுக்கம். எய்ட்ஸ் நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி தவறிக் குத்திவிட்டால், அக்கிருமி தொற்றுவது 1,000-இல் சுமார் 3 பேருக்குத்தான். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியோ, தடுப்பூசி போடாதவர்களை அதைவிடப் பன்மடங்கு சுலபமாகப் பற்றும். உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். குப்பையில் கிடக்கும் சிரிஞ்சைப் பிள்ளைகள் எடுத்து விளையாட விடாதீர்கள்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கம். "ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும்" என்று டாக்டரையே வற்புறுத்துவோம். மாத்திரையில் தீரும் காய்ச்சலுக்கு ஊசி எதற்கு?

பிள்ளைகளின் தடுப்பூசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த ஹெபடைட்டிஸ் பி கிருமியைத் தடுப்பதே ஓர் ஊசிதான்! மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அதைப் போட்டு வருகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் கிளினிக்கில் கேட்டு ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளலாம். அங்கேயும் உறை பிரிப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.