தாயம் விழுந்தது... கூட்டணி சேர்ந்தது!

கோடை லீவு விட்டாச்சா? படிப்புரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்து, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையை உருட்டித் தாயம் ஆட ஆரம்பித்திருப்பார்கள் உங்கள் வீட்டு வாண்டுகள். நாகர்கோவிலோ, சுசீந்திரமோ, தோவாளையோ... அரை மணி நேரத்தில் கடைக்குட்டி அழுதுகொண்டு உள்ளே ஓடிவரும்: "ஆச்சி... எல்லாவனும் சேந்து எனக்க காயையே வெட்டுகான்!"

"விளையாட்டுதானே, போ மக்களே" என்று அனுப்பி விடுகிறோம். ஒரு நிமிஷம் நின்று கேட்டால் என்ன?

பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டமெல்லாம் இரண்டு பேர் ஆடுவது. தோற்றால் ஜெயித்தவர் ஒருத்தர்தான். தாயத்தில் நாலு பேர் உட்கார்ந்தால் கணக்கே வேறு. 'ஒரு காயாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குப் போகலாம்' என்பது பல வீடுகளில் சட்டம். அதனால் கூட்டணி தானாகவே வரும். முன்னால் போகிறவனை மற்ற மூன்று பேரும் துரத்துவது தப்பே இல்லை. அப்போதுதான் ஆட்டம் சூடு பிடிக்கும்!

அப்படியானால் எது தப்பு? ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த வெட்டால் வெட்டியவனுக்கு ஆட்டத்தில் லாபம் உண்டா?' உண்டு என்றால் அது சாமர்த்தியம். லாபமே இல்லாமல், கடைசியில் கிடக்கும் காயைத் தேடிப் போய் வெட்டினால், அது வெளிச்சண்டை, கட்டத்துக்குள் வந்துவிட்டது.

அமெரிக்காவில் 1959-ல் ஆலன் கால்ஹாமர் வெளியிட்ட 'டிப்ளமசி' என்ற ஆட்டத்தில் ஏழு பேர் ஆடலாம். பகடையே கிடையாது. கூட்டுச் சேரலாம், கொடுத்த வாக்கை மீறவும் செய்யலாம். அதுதான் ஆட்டமென்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அங்கே வாக்கை மீறுவது ஏமாற்று ஆகாது.

நீங்கள் செய்ய வேண்டியது:

* காய் வைக்கும் முன்பே சட்டம் பேசச் சொல்லுங்கள். பாதி ஆட்டத்தில் சட்டத்தை மாற்றக்கூடாது.

* சின்னப் பிள்ளை இருந்தால் ஜோடி பிரியுங்கள். பச்சீசியில் எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. இருவர் காயும் போய்ச் சேர்ந்தால்தான் வெற்றி. பெரியவனே சின்னவனைக் காப்பாற்றுவான்!

* பாட்டா, ஆச்சி வேண்டுமென்றே தோற்க வேண்டாம். பிள்ளைகள் கண்டுபிடித்து விடும்.

* அழுதால் கேலி வேண்டாம். "வருத்தமா இருக்கா மக்களே?" என்று கேட்டாலே பாதி கோபம் இறங்கும்.

* எந்த விளையாட்டுக்கும் வராமல் நாள் கணக்கில் ஒதுங்கினால், பள்ளிக்கூடத்திலும் யாராவது சீண்டுகிறார்களா என்று மெதுவாக விசாரியுங்கள். சாப்பாடு, தூக்கம் குறைந்தால் குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள்.

வெட்டுப்பட்ட காய், தாயம் விழுந்தால் மறுபடி கட்டத்துக்குள் வந்துவிடும். மனசு ஒடிந்து எழுந்து போன பிள்ளையை நாம்தான் கூப்பிட வேண்டும்!